திரும்பி வராத நோயாளி

பள்ளிக்கூடத்துச் சுவரில் படம் மாட்டுகிற டிராயிங் பின் ஒன்று என் வலது உள்ளங்காலில் ஒரு பகல் முழுக்கக் குத்தியிருந்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. சாயங்காலம் தாராவியில் வீட்டுக்குள் நுழைந்து விளக்கைப் போட்டபோதுதான் தரையில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை எதையோ கொட்டிவிட்டுப் போயிருக்கிறது என்று வைதுகொண்டே துணியை எடுத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்தது. அப்புறம்தான் என் காலைப் பார்த்தேன்.

நியூரோபதி (சர்க்கரையால் நரம்பு கெட்டு மரத்துப்போவது) என்று இதற்குப் பெயர். இதை வாசிக்கிற உங்களுக்கும் சர்க்கரை இருந்தால், தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வலிக்கவில்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். வலி தெரியாமல் போவதுதான் இதில் ஆபத்து.

நான் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் டீச்சர். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கென்று இருப்பது ஒரே மகன், குமரேசன். தாணேயில் வேலை. என்ன வேலை என்று யாராவது கேட்டால் ஆஸ்பத்திரி ஆராய்ச்சி என்று பெருமையடித்துக்கொள்வேன். காப்பீட்டு நிறுவனங்களுக்காக, எந்த ஆஸ்பத்திரியில் செலவு குறைவு, எங்கே வைத்தியம் தரம் என்று அவனும் கூட வேலை பார்ப்பவர்களும் கம்ப்யூட்டரில் அலசுகிறார்கள். செலவும் குறைய வேண்டும், தரமும் கூட வேண்டும், அதற்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

புண் கறுக்கத் தொடங்கியதும் மாநகராட்சி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றேன். எங்கள் சந்தில் எல்லாரும் அங்கேதான் போகிறோம். குமரேசனுக்குக் கோபம் வந்துவிட்டது. அவன் ஆபீஸ் காப்பீட்டில் என் பெயரும் இருக்கிறது, செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது, அவர்கள் ஆராய்ச்சியில் அதுதான் முதலிடம், எல்லாம் கேஷ்லெஸ் (கையிலிருந்து கட்டாமல் காப்பீடே நேராகக் கட்டிவிடுவது) என்று அடுக்கினான். எதை வைத்து முதலிடம் என்று கேட்டேன்.

"அங்க போனவங்க யாரும் திரும்பி வாரதே இல்லம்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏல, இதையா பெருமையாச் சொல்லுத?"

விழுந்து விழுந்து சிரித்தான். டிஸ்சார்ஜ் ஆனவர்கள் ஒரு மாதத்துக்குள் மறுபடி வந்து படுக்கவில்லை என்றால் வைத்தியம் ஒழுங்காக நடந்திருக்கிறது என்று அர்த்தமாம். அதுதான் அவர்கள் அளவுகோல். நானும் சேர்ந்து சிரித்தேன்.

செம்பூர் ஆஸ்பத்திரியின் தரை பளபளவென்று இருந்தது. டெப்ரைட்மென்ட் (அழுகிய சதையை வெட்டிச் சுத்தம் செய்வது) செய்தார்கள். மூன்றாம் நாள் காலையில் டாக்டர் வந்து, கட்டைப் பிரிக்காமலே, வீட்டுக்குப் போகலாம் என்றார். காய்ச்சல் விட்டு விட்டு அடிக்கிறதே என்றேன். மாத்திரை எழுதியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பின்னாலேயே வந்த ஆஸ்பத்திரி ஆபீஸ் பெண்தான் விஷயத்தைச் சொன்னாள்: என் பேக்கேஜ் (இந்த நோய்க்கு இத்தனை நாள், இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே பேசிவைப்பது) அன்றோடு முடிகிறது.

கிளம்பும்போது நர்ஸிடம் "போறேன்" என்று மட்டும் சொன்னேன். கடைக்குப் போனாலும் போயிட்டு வாரேன் என்று சொல்கிற ஆட்கள் நாம். ஆஸ்பத்திரியில் மட்டும் அப்படிச் சொல்ல மாட்டோம்.

"ஒங்க சாஸ்திரமும் எங்க ஆராய்ச்சியும் ஒண்ணுதாம்மா," என்றான் குமரேசன்.

வீட்டுக்கு வந்து நாலைந்து நாளில் புண்ணில் போட்ட கட்டிலிருந்து நாற்றம் எடுத்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. குமரேசன் தாணேயிலிருந்து ஓடிவந்து செம்பூருக்குப் போன் போட்டான். அதே வியாதிக்கு மறுபடி அட்மிஷன் என்றால் காப்பீட்டிலிருந்து புதிதாக அனுமதி வர வேண்டும், வந்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள். தன் ஆபீஸிலேயே தெரிந்தவர்களையெல்லாம் பிடித்தான். "ஹோ ஜாயேகா" (ஆகிவிடும்) என்றார்கள் எல்லாரும். ஒரு நாள் போயிற்று. இன்னொரு நாளும் போயிற்று. அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான், நான் என் கால்விரல்கள் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கடைசியில் நான்தான் கத்தினேன். டாக்ஸி பிடித்து மாநகராட்சி ஆஸ்பத்திரிக்கே போனோம். உங்களுக்கு இப்படி ஒரு நிலைமை வந்தால் அனுமதிக்காகக் காத்திருக்காதீர்கள். எந்த ஆஸ்பத்திரிக் கதவு திறந்திருக்கிறதோ அங்கே போங்கள்.

அங்கே கட்டைப் பிரித்த பெண் டாக்டருக்கு என் மகன் வயதுகூட இருக்காது. மூக்கைப் பொத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. கேங்கிரீன் (ரத்த ஓட்டம் நின்று சதை செத்துப்போவது) கணுக்காலைத் தாண்டிவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்று இந்தியில் நிதானமாகச் சொன்னார். இரண்டு நாள் முந்தி வந்திருந்தால் விரல்களோடு போயிருக்கும் என்றும் சொன்னார். அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம். குமரேசன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

காலை எடுத்துவிட்டு வீடு திரும்பிய அன்று, பக்கத்து வீட்டுச் செல்வி ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். வாய்ப் பழக்கத்தில் "வலது கால எடுத்து வச்சு வாங்கக்கா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள்தான் அழுதாள்.

ஒரு மாதம் கழிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குமரேசனிடம் கேட்டேன், அவன் ஆராய்ச்சியில் நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று. நான் செம்பூருக்குத் திரும்பிப் போய்ப் படுக்கவில்லை. மாநகராட்சி ஆஸ்பத்திரியிலிருந்து காப்பீட்டுக்கு எந்தப் பில்லும் போகவில்லை. என் கால் போனது அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

"குணமானவங்க பக்கம் இருக்கம்மா," என்றான்.

குறைந்த செலவில் குணமானவள் நான். ஆபீஸில் சொல்லிப் பார்த்தானாம். ஒரு ஆளுக்காக அளவுகோலை மாற்ற முடியாது என்றார்களாம். அந்த ஆஸ்பத்திரி இந்த முறையும் முதலிடம். நாசமாய்ப் போக என்று வாய்விட்டு வைதேன். யாரை வைதேன் என்று எனக்கே தெரியவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்தது என் பிள்ளை.

இல்லாத கால் இப்போது அரிக்கிறது. ஃபாண்டம் (எடுத்துவிட்ட உறுப்பு இன்னும் இருப்பதுபோல் தோன்றுவது) என்கிறார்கள். இருந்தபோது பின் குத்தியும் உணராத கால், போன பிறகு கட்டைவிரல் ஓரத்தில் அரித்துத் தொலைக்கிறது. கை அங்கே போய் வெறும் போர்வையைச் சொறிகிறது. ஒரு மாதம் என்று யார் சொன்னாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அவர்களுக்கு ஒரு மாதத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. எனக்கு அதற்குப் பிறகுதான் நடக்கக் கற்றுக்கொள்வதே ஆரம்பித்தது.

போன வாரம் செயற்கைக் காலுக்கு அளவெடுக்க மாநகராட்சி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். அதே பெண் டாக்டர் காயத்தைத் தொட்டுப் பார்த்து, நன்றாக ஆறிவிட்டது, போகலாம் என்றார். வாக்கரைப் பிடித்து எழுந்து, அவர் முகத்தைப் பார்த்துத் தமிழிலேயே "போயிட்டு வாரேன்" என்றேன். புரியாமல் தலையாட்டினார்.

குமரேசன் என் தோளைப் பிடித்தான். "அம்மா, ஆஸ்பத்திரில அப்படிச் சொல்லக் கூடாதுல்லா."

"சொல்லுவேன். ஒரு எடத்துக் கணக்குலயாவது நான் திரும்பி வந்தேன்னு இருக்கட்டும்."