வெளியே நின்ற சக்கரங்கள்

செஞ்சியில் பஸ்ஸைத் தவறவிட்டு நின்ற என்னைத் தன் ஸ்போர்ட்ஸ் காரில் ஏற்றிக்கொண்டவர் அனந்தபுரத்து நெல் வியாபாரி. டை அடித்த மீசை, வெள்ளை வேட்டி. காரோ ரத்தச் சிவப்பு, இரண்டே இருக்கை. வழியில் டீ குடிக்க நிறுத்தினார். பத்தடி நடந்ததும் நின்று, திரும்பிக் காரை ஒருமுறை ஆசையாகப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குள் நுழைந்தார்.

கோட்டை மலையோர வளைவில் ஸ்டீரிங் வெடுக்கென்று இழுத்தது. டயர் மட்கார்டில் உரசிக் கிறீச்சிட்டது. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்க சார். அழகா இருக்கட்டும்னு அகல டயர் போட்டேன். வீலும் ரெண்டு விரக்கடை வெளிய நிக்குது. அதான் சின்னப் பள்ளம் வந்தாக்கூட கையப் புடிச்சு இழுக்குது."

"பழைய வீலையே மாட்டிடலாமே?"

"மாட்டுனா சொன்னபடி கேக்கும். அப்புறம் நான் இன்னாத்துக்கு? வீட்லதான் இதுல ஏற மாட்டேங்கறாங்க. அமாவாசைக்கு மேல்மலையனூருக்கு அவங்க பஸ்ல போறாங்க, நான் பின்னாலயே கார்ல போறேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

சில மாதம் கழித்து அதே காரைக் கடைத்தெருவில் பார்த்தேன். பழைய சக்கரங்கள் உள்ளே அடக்கமாக நின்றன. அவரோடு மனைவியும் இறங்கினார்.

"இப்ப நேராப் போவுது சார்" என்றார் சுரத்தில்லாமல். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமலே பூக்கடைக்கு நடந்தார். எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

பின்னால் போன அந்த அம்மாள் பத்தடியில் நின்றார். திரும்பிக் காரை ஒருமுறை ஆசையாகப் பார்த்துவிட்டுத்தான் போனார்.