அட்டெண்டர் யாரு?

போன வருடம் ஆடி மாதம். அப்போது நான் செம்பாக்கத்தில் ஒரு சிறிய வீட்டில் தனியாக வாடகைக்கு இருந்தேன், இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. விடாத இருமல். ஆபீஸ் ஏசிதான் காரணம் என்று நினைத்தேன்.
2. ஸ்கேன் எடுத்தபோது நுரையீரலில் கட்டி தெரிந்தது. நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லை.
3. ஊசி போட்டுச் சதை எடுத்து, மரபணுச் சோதனைக்கும் அனுப்ப வேண்டும் என்றார் டாக்டர்.
4. ஊரில் தங்கைக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்குப் புற்றுநோய் என்றால் பரம்பரை வியாதி என்று பின்வாங்கிவிடுவார்கள். நானும் அது பரம்பரையாக இருக்கலாம் என்றே பயந்தேன். வீட்டில் சொல்லவில்லை.

ஐந்தாவதை மட்டும் ஒரு வரியில் சொல்ல முடியாது.

தாம்பரம் பக்கத்து மருத்துவமனை ஒன்றில், சதை எடுக்கும் நாளன்று நர்ஸ் கேட்டார்: "அட்டெண்டர் யாரும்மா?"

தனியாக வந்திருக்கிறேன் என்றேன். நுரையீரலில் காற்று கசிய வாய்ப்பு உண்டு, கூட ஆள் இல்லாமல் செய்ய மாட்டோம், வீட்டிலிருந்து யாரையாவது அழைத்து வாருங்கள் என்றார். எந்த வீட்டிலிருந்து என்று தெரியாமல் நின்றேன்.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கோவளம் பக்கம் மீன் விற்பவர். அவர் கணவருக்கும் அன்று அதே சோதனை. அவர் எழுந்து வந்தார்.

"நான்தான் சிஸ்டர். இவளோட அக்கா."

நர்ஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா பாக்கற? அவ ஆபீஸ் போறா, நான் மீன் விக்கறேன். அவ்ளோதான் வித்தியாசம்."

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை நீட்டினார். அன்று மாலை வரை அந்த அக்கா கணவரின் கட்டிலுக்கும் என் கட்டிலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

முடிவு வாங்க இருவரும் ஒரே நாளில் போனோம். செல்லை வளரச் சொல்லும் ஒரு மரபணு வேறொன்றோடு ஒட்டிக்கொண்டு, அணைக்க முடியாத சுவிட்ச் போல ஆகிவிட்டது என்று டாக்டர் எனக்கு விளக்கினார். அந்த சுவிட்சையே குறிவைக்கும் மாத்திரை இருக்கிறது. மாற்றம் கட்டியில் மட்டும்தான், பரம்பரையாக வந்ததல்ல என்றும் சொன்னார்.

அக்காவின் கணவருக்கு மாத்திரைக்கு ஏற்ற மாற்றம் எதுவும் இல்லை. அவருக்குக் கீமோதான்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டார். "உனுக்கு அந்த மாத்திர கீதா?"

அழுதுகொண்டே ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்பறம் ஏன் அழுவுற? ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது கீதே."

அன்றே அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். பரம்பரை இல்லை என்பதை இரண்டு தடவை சொன்னேன். அம்மா வெகுநேரம் அழுதார். பிறகு, "நாம சொன்னா அவங்க நம்புவாங்களாடி? கல்யாணம் முடியட்டும், அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம்" என்றார். அம்மாமேல் கோபம் வரவில்லை. போனை வைத்த பிறகு வீடு முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

இன்றைய நிலை இது. காலையும் இரவும் மாத்திரை சாப்பிடுகிறேன். கட்டி நன்றாகச் சுருங்கியிருக்கிறது. ஒருநாள் இந்த மருந்துக்கு அது அடங்காமல் போகலாம் என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. தங்கையின் கல்யாணம் முடிந்தது. அம்மா வந்து சில நாள் இருந்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அந்த அக்காவின் கணவர் தை மாதம் இறந்துபோனார்.

ஸ்கேன் எடுக்கும் நாளில் அந்த அக்கா மீன் கூடையைத் தெரிந்தவரிடம் விட்டுவிட்டு, கணவரைக் கைப்பிடித்து அழைத்து வந்த அதே வாசல் வழியாக எனக்காக வருகிறார். என் தனிமை ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. அட்டெண்டர் யாரு என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இருக்கிறது.