பதினோராவது நிமிடத்தில் ஒரு வெட்டு

இன்று காலை அருப்புக்கோட்டையிலிருந்து பரளச்சி போகும் பேருந்தில் என் மனைவியின் குரலைக் கேட்டேன். அவள் இறந்து இரண்டு வருடமாகிறது.

முன்சீட்டுப் பெண்ணின் போனில் கணக்குப் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. அரசுத் தேர்வு எழுதுகிறவர்களுக்காக, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு என் மனைவி வீட்டிலேயே எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிய வீடியோ.

"யாரும்மா நடத்துறது?" என்றேன்.

"பேரு தெரியல சார். குரூப்புல வந்துச்சு. நல்லா சொல்லுவாக, ஆனா ரொம்ப நிதானம். அதான் வேகமா வச்சுக் கேக்குறேன்."

அந்தப் பாடம் எனக்குத் தெரியும். பதினோராவது நிமிடத்தில் நான் அறைக்குள் போய், "கரண்டு பில்லு எங்க வச்ச?" என்பேன். "ஏங்க, ரெக்கார்டு ஆகுதுல்ல, செத்த சும்மா இருங்க" என்று திட்டிவிட்டுச் சிரிப்பாள்.

காத்திருந்தேன். அந்த இடம் வரவேயில்லை.

"நடுவுல ஒரு ஆளு வந்து பேசுவாரே?"

"அந்தத் தொல்லையெல்லாம் இதுல இல்ல சார். வெட்டிட்டாக."

அந்த ஆள் நான்தான் என்று சொல்லவில்லை.

குறை சொல்லவும் முடியாது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், வெட்டிக்கொள்ளலாம், பகிரலாம் என்று ஒவ்வொரு பாடத்தின் கீழும் அவளேதான் எழுதுவாள். மூலப் பிரதி அவள் போனில் இருந்தது. எல்லாவற்றையும் அழித்து அந்தப் போனை உறவினருக்குக் கொடுத்தது நான். ஒரு குறிப்பைக்கூட அழிக்காமல் முப்பது வருடம் நிருபராக இருந்தவன் செய்கிற வேலையா அது?

வெட்டாத பிரதி யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். பாடம் வேண்டாம், அந்தத் திட்டு மட்டும் போதும்.