திருப்பாத பக்கம்

புத்தகம் அச்சாகி வந்த சந்தோஷம் எனக்கு இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் பதிப்பாளர் முத்தாபுதுப்பேட்டைக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“புக்கு தானா நடந்து போவாதும்மா. நீங்கதான் தூக்கிகினு போவணும். நாலு பேரு மின்னாடி ஒரு பக்கம் படிச்சிக் காட்டுனாதான் வாங்குவாங்க. ஞாயித்துக்கெழம அம்பத்தூர்ல ஒரு பிளாட்டு ஹால்ல சொல்லி வெச்சிட்டேன்.”

சரி என்று தலையாட்டினேன்.

பாடியில் போல்ட் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் பெட்டி கட்டியவள் நான். எழுத்து வந்ததே ஐம்பது வயதுக்கு மேல், மாலை வகுப்பில். அந்தக் கம்பெனிக் கதையை நாலு வருஷம் பென்சிலால் எழுதினேன். எழுதும்போது வார்த்தை எனக்குத் தெரியும். எழுத்தைத் தேடிப் பிடித்தால் போதும். படிக்கும்போது எழுத்துதான் முன்னால் நிற்கிறது. வார்த்தை அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. அதனால் இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பதிப்பாளருக்கு இது தெரியாது. சொல்ல மனம் வரவில்லை.

எதிர்வீட்டுக்காரி ஏற்கெனவே கேட்டிருந்தாள். “இன்னாக்கா, உம் புள்ளதான எழுதிக் குடுத்துச்சி? நீ போர்டு படிக்கிறதுக்குள்ள பஸ்ஸே பூடுமே!” சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் நாலு பேர் முன்னால் நான் திக்கினால், அவள் சொன்னதுதான் உண்மையாகும். நாலு வருஷமும் போகும்.

மருமகளைக் கூப்பிட்டேன். கண்ணாடி மங்கலாக இருக்கிறது, இருபத்து மூன்றாம் பக்கத்திலிருந்து கொஞ்சம் வாசி என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். ஒரு வாரம் தினமும் இட்லி வேகும் நேரத்தில் வாசித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு விடுகிற இடம் உட்பட மனப்பாடம் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஹாலில் முப்பது பேர் இருப்பார்கள். யாருடைய பிறந்தநாளிலோ மிஞ்சிய பலூன் ஒன்று கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒப்பித்தேன். முன்வரிசையில் ஒரு பெண் தன் புத்தகத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். நடுவில் அவள் தாளைத் திருப்பிய சத்தம் கேட்டது. ஏதோ தப்பு என்று தோன்றியது; என்னவென்று தெரியவில்லை. நிறுத்தினால் மறந்துவிடும் என்று ஓடி முடித்தேன்.

“ரொம்ப நல்லாருந்துச்சும்மா. ஆனா நீங்க பக்கத்தத் திருப்பவே இல்லையே?” என்றாள் அந்தப் பெண்.

அப்போதுதான் உறைத்தது. நான் காதால் கற்றவள். வீட்டில் பக்கத்தைத் திருப்பியது மருமகள்.

“மனப்பாடம் போலருக்கு!” என்று பின்னாலிருந்து ஒரு ஆண் குரல். சிரித்தார்கள்.

“அப்ப வேற பக்கம் படிங்களேன். நாப்பத்தொண்ணு எனக்குப் பிடிச்சிருந்துச்சு” என்றாள் அவள். குத்திக் கேட்கவில்லை, ஆசையாகத்தான் கேட்டாள்.

பதிப்பாளர் என்னைப் பார்த்தார். கண்ணாடியை மறந்து வந்துவிட்டேன் என்று சொல்லியிருப்பேன். அது என் மூக்கில்தான் இருந்தது.

நாற்பத்தொன்றைத் திறந்தேன். விரலை வைத்தேன். மெ... ஷி... ன். மெஷினை. நி... றுத்... நிறுத்தினாலும். மைக் என் மூச்சையெல்லாம் ஹால் முழுக்கக் கொட்டியது. பின்னால் இரண்டு பேர் எழுந்து போனார்கள். மெஷினை நிறுத்தினாலும் சத்தம் காதுக்குள் ஓடும். அந்த ஒரு வரியைத் தாண்டுவதற்குள் சேலை முதுகோடு ஒட்டிவிட்டது. நாலு வரி படித்தேன். பிறகு தலையை நிமிர்த்தினேன்.

“இப்டித்தாம்மா எழுதனது. ஒவ்வொரு எழுத்தா. அதான் நாலு வருசம் ஆச்சி.”

யாரும் கை தட்டவில்லை. முன்வரிசைப் பெண் எழுந்து வந்து, கையெழுத்துக்காகப் புத்தகத்தின் முதல் தாளைத் திறந்து நீட்டினாள்.

“எம் பேர எழுத நேரமாவும். நின்னுகினு இருப்பியா?” என்றேன்.

“நிக்கிறேம்மா.”

பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். கடைசி எழுத்து முடியும்வரை அவள் என் கையையே பார்த்தாள். அவளுக்குப் பின்னால் வந்து நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த கூட்டம் நெமிலிச்சேரியில். எந்தப் பக்கம் என்று அங்கே வருகிறவர்களே சொல்லட்டும் என்று பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன்.