ஐந்து கிலோ இரும்பு

தொழில் வட்டாரத்தில் அவருக்கு 'ரெண்டு தடவை' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று உண்டு, அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. கண்ணாடியை அளந்து முடித்து, டேப்பைச் சுருட்டி, பிறகு பிரித்து மறுபடியும் அளப்பார். மீன்தொட்டி வைக்கக் கூப்பிட்ட வீட்டில் முதல் வேலையாகத் தரையைக் குதிகாலால் தட்டிப் பார்ப்பார். கீழே இறங்கித் தூண் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு வந்து, மறுபடியும் தட்டுவார். ஒன்பது அடித் தொட்டியில் தண்ணீர் நிரம்பினால் இரண்டரை டன் பாரம் கூடத்தில் ஏறி உட்கார்ந்துவிடும். விளையாட்டுக் காரியமா அது?

ஜன்னல் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தவர் இந்த வேலைக்கு வந்ததே மீன் வாங்குகிறவர்களின் புண்ணியத்தில்தான். விரல் நீளத்தில் இருக்கும்போது பார்த்து மயங்கி வாங்கிவிடுவார்கள். இரண்டே வருஷத்தில் அது கை நீளத்துக்கு வளர்ந்து, திரும்ப இடமில்லாமல் கண்ணாடியில் மூக்கைத் தேய்க்கும். அப்போதுதான் ஞானம் பிறந்து, பெரிய தொட்டி ஒட்டுகிற ஆள் யார் என்று அலைவார்கள். இருபது வருஷத்தில் அவர் ஒட்டிய தொட்டி ஒன்றுகூடக் கசிந்ததில்லை. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அடுத்தவன் ஒட்டிய தொட்டியைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்குவார்.

அப்படிப்பட்டவர் கோட்டை விட்ட கதைதான் இது.

பல் டாக்டர் வீட்டு அரோவானா மீனுக்குப் பதினொரு வயது, இரண்டரை அடி நீளம். வாயைத் திறந்தபடி கிடக்கும் நோயாளிகளிடம் டாக்டர் அந்த மீனின் பெருமையைத்தான் அளப்பார். பாவம், அவர்களால் எழுந்து ஓடவா முடியும்? மீனிடம் ஒரே ஒரு கெட்ட குணம், எம்பிக் குதிக்கும். அதனால் தொட்டியின் கண்ணாடி மூடிமேல் ஐந்து கிலோ இரும்புத் தட்டு ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். உடம்பைக் குறைக்கிறேன் பேர்வழி என்று டாக்டர் வாங்கி, இரண்டே வாரத்தில் கைவிட்ட பளு தூக்கும் சாமானில் ஒன்று அது. மூடியைக் கடைசியாகத் தொட்டவர் தட்டை வைக்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

சாயங்காலம் மீனுக்கு இரை போடுவது டாக்டருடைய மச்சானின் வேலை. டாக்டர் மனைவியின் தம்பி அவர். கிடங்கு வேலை போன பிறகு அக்கா வீட்டோடு வந்துவிட்டவர். கிடங்கில் ஒரு பெட்டியை எங்கோ வைத்து மறந்தாராம், அதிலிருந்து வீட்டில் எல்லோரும் 'மறதி' என்று கேலி செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொள்வார். வேறென்ன செய்வார், சாப்பிடுவது அக்கா புருஷன் வீட்டில்.

பதினொரு வருஷமாக அந்த மீனுக்கு வாராவாரம் தண்ணீர் மாற்றிவந்தவர் நம்மவர்தான். ஒரு ஞாயிறு மதியம் அப்படி வந்தபோது, தட்டின் அடியில் ஒட்டியிருந்த ரப்பர் கிழிந்திருப்பதைக் கண்டார். புதுசு ஒட்டிவிடலாம் என்று தட்டை வாளியில் போட்டார். அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது. வேறொரு வீட்டில் மோட்டார் நின்றுபோய், மீன்கள் மூச்சுக்குத் தவிக்கின்றனவாம். துணியை மேலே போட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

மறுநாள் காலை டாக்டர் கூப்பிட்டார். மீன் தரையில் செத்துக் கிடக்கிறது என்றார். டாக்டர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி வாளியை எடுத்தபோதுதான் அது கனத்தது. துணியை விலக்கிப் பார்த்தார். தட்டு உள்ளே இருந்தது.

சொல்லிவிடத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் உள்ளே போனார். ஆனால் அங்கே தீர்ப்பே எழுதியாகிவிட்டது. இரை போட்டுவிட்டுத் தட்டைத் தேடினேன், கிடைக்கவில்லை, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன் என்று மச்சான் மன்றாடிக்கொண்டிருந்தார். நடந்து போக அதற்குக் கால் முளைத்ததா என்று டாக்டர் கத்தினார். பிறகு நம்மவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க வெச்சுட்டுத்தானே போனீங்க?"

அவர் தலையாட்டினார். ஆமாம் என்று வாய்விட்டுச் சொல்லக்கூட இல்லை, தலைதான் ஆடியது. அதோடு விட்டாரா? மீனைத் துணியில் சுற்றக் குனிந்த சாக்கில், வாளியிலிருந்த தட்டைத் தொட்டியின் அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டார். எந்தக் கை அதைச் செய்தது என்று பிறகு பல நாள் தன் கைகளையே பார்த்திருக்கிறார்.

தட்டைக் கண்டெடுத்தது அக்காதான். தம்பியைத் திட்டவில்லை, இதோ இருக்கிறது பார் என்று மட்டும் சொன்னார். மச்சான் அந்த இரும்பை வாங்கிப் பார்த்தார். தானே எடுத்து அங்கே வைத்திருப்பேன் போலிருக்கிறது என்று முணுமுணுத்தார். பிறகு நம்மவர் முன்னால் வந்து கைகூப்பினார்.

"பதினொரு வருஷம் பாத்துப் பாத்து வளத்தீங்க. நாசம் பண்ணிட்டேண்ணே. மன்னிச்சுக்குங்க."

"பரவால்ல தம்பி."

அந்த இரண்டு வார்த்தையை நினைத்தால் அவருக்கு இன்றும் உடம்பு கூசும். பழியைத் தூக்கி ஒருவன் தலையில் போட்டதுமல்லாமல், பெரிய மனுஷன்போல மன்னிப்பு வேறு வழங்கினார் பாருங்கள்! வீட்டில் மனைவியிடம் தட்டு விஷயத்தை மறைத்து மீதியைச் சொன்னார். உங்களைப்போல ரெண்டு தடவை பார்த்திருந்தால் அந்த மனுஷனுக்கு இந்தக் கதி வருமா என்று மனைவி உச்சுக்கொட்டினாள். அவர் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். போன் செய்து கேட்டிருக்கலாமே அவன் என்று மனசுக்குள் ஒரு சாக்குச் சொல்லிப் பார்த்தார். அது அவருக்கே எடுபடவில்லை.

நாலு மாதம் போனது. தொட்டிக்குப் புது மீன் வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் போய்த் தண்ணீர் மாற்றினார், ஒவ்வொரு ஞாயிறும் மச்சானைப் பார்த்தார். அவர் இப்போது இரை போடுவதில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் திருகை நாலு தரம் தொட்டுப் பார்ப்பார். கதவைப் பூட்டிவிட்டு, பூட்டினேனா என்று அக்காவிடமே கேட்பார். யாரும் கேலி செய்வதில்லை. கேலி செய்யக்கூடப் பயமாக இருந்தது அவர்களுக்கு.

ஒரு ஞாயிறு தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டுக் கண்ணாடி தேய்த்துக்கொண்டிருந்தபோது மச்சான் பக்கத்தில் வந்து நின்றார். மருந்துக் கிடங்கு ஒன்றில் பொறுப்பாளர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், இன்றைக்குள் பதில் சொல்ல வேண்டும், வேண்டாம் என்று சொல்லப்போகிறேன் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, தொட்டியின் மறுபாதி மூடியைக் காட்டினார்.

"அந்த மூடி மூடியிருக்கிற மாதிரிதான் எனக்குத் தெரியுது. ஆனா என் கண்ணை நம்பி என்னண்ணே பண்றது? மருந்தை மாத்தி வெச்சுட்டா ஆள் போயிடும்."

நம்மவர் தண்ணீரிலிருந்து கையை எடுத்தார். கை சொட்டிக்கொண்டே இருந்தது.

"அன்னைக்குத் தட்டு என் வாளியில இருந்துச்சு தம்பி. நான்தான் கொண்டுபோனேன். அலமாரிக்கு அடியில தள்ளிவிட்டதும் நான்தான்."

அடிப்பார் என்று எதிர்பார்த்தார். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. மச்சான் பக்கத்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப நான் தேடினது நிஜமா?"

"நிஜம்தான். தேடினப்ப அது அங்க இல்ல."

"தேடின மாதிரி கனவு கண்டிருக்கேன்னுல்ல நினைச்சுட்டு இருந்தேன் நாலு மாசமா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுந்து போய் அக்காவையும் டாக்டரையும் அழைத்துவந்து தொட்டிக்கு முன்னால் நிறுத்தினார்.

"இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே. இவங்க கேக்கணும்."

வாழ்நாளெல்லாம் எதையும் இரண்டாவது முறை செய்ய அலுத்துக்கொள்ளாத மனிதருக்கு அந்த இரண்டாவது முறை நாக்கு எழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, திக்கித் திணறி, தலையாட்டியது முதல் தட்டைத் தள்ளியதுவரை எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் கத்தவில்லை. இனிமேல் வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அக்கா தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நம்மவர் குழாய்களைச் சுருட்டி வாளியில் போட்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது மாடியில் மச்சான் போனில் பேசுவது கேட்டது.

"நாளைக்கே வந்துடறேன் சார். எனக்கு ஞாபகமெல்லாம் நல்லாவே இருக்கு."