இடது பக்க ஷிஃப்ட்

அம்மா இறந்த மூன்றாம் ஆண்டில் அப்பா மறுமணம் செய்துகொண்டார். அப்போது அவருக்கு அறுபத்தாறு வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிள்ளானில் நான் வளர்ந்த இரண்டு மாடி வீட்டில் தனியாக இருந்தார். நான் ஒரே மகள். வேலைக்கு வசதியாக இருக்கட்டும் என்று தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக்குக் குடிபோயிருந்தேன். "ஒரு முடிவு எடுத்திருக்கேம்மா" என்று அவர் போனில் ஆரம்பித்தபோது, வீட்டை விற்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் மணந்துகொண்டவர் சுங்கை வே என்ற ஊரைச் சேர்ந்தவர். அதுவரை கல்யாணம் ஆகாதவர். மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்து, கடுகளவு பாகங்களைப் பற்றவைத்து, தம்பி தங்கைகளைக் கரையேற்றியவர். கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கப் போன இடத்தில் அப்பாவுக்குப் பழக்கம். அவரைச் சின்னம்மா என்று கூப்பிடும்படி உறவுக்காரர்கள் என்னிடம் சொன்னார்கள். நான் ஆன்டி என்றேன். சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவரையும் ஆன்டி என்றுதானே கூப்பிடுகிறோம். அதனால்தான் அந்தச் சொல் எனக்கு வசதியாக இருந்தது.

அவர்மேல் எனக்கு ஒன்றும் இல்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒவ்வொரு முறை வீட்டுக்குப் போகும்போதும் அம்மாவின் பொருள்களைத்தான் முதலில் தேடுவேன். அலமாரியில் சேலைகள் இருக்கின்றனவா, சமையலறையில் அவருடைய அம்மி இருக்கிறதா என்று பார்ப்பேன். எல்லாம் இருந்தன. சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த அம்மா படத்துக்கு ஆன்டி தினமும் புதுப் பூ வைத்துவந்தார். அதைக்கூட எனக்காகச் செய்கிற நடிப்பு என்று நினைத்தேன்.

மேல்மாடி அறையில் ஒரு பழைய கணினி இருந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் நான் வாங்கிக்கொடுத்தது. அதைத் தட்டிவிட்டுக் கீழே போய்த் தேநீர் கலக்கி எடுத்துக்கொண்டு வந்தாலும் திரையில் இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கணினியில்தான் அம்மாவின் படங்கள் இருந்தன. அம்மா இறந்த வருடம், வீட்டில் இருந்த ஆல்பங்களை எல்லாம் உட்கார்ந்து ஸ்கேன் செய்து ஒரே ஃபோல்டரில் போட்டேன். அடுத்த வருடம் வெள்ளம் வந்தது. கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். ஆல்பங்கள் நனைந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் முகங்கள் உரிந்து வந்தன. மேல்மாடியில் இருந்ததால் கணினி தப்பியது.

அந்தப் படங்களுக்கு வேறு பிரதி எடுத்துவைக்கவில்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. நான் வேலை செய்வது ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கணினிப் பிரிவில். கணினி மக்கர் செய்தால் ஊழியர்கள் எனக்குத்தான் போன் செய்வார்கள். "பிரதி எடுத்து வச்சீங்களா?" என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது கேட்கிறவள் நான்.

ஆன்டிக்குக் கணினி பிடித்திருந்தது. கோயில் மாதர் குழுவுக்குக் கூட்ட அறிவிப்புகளை ஒரு விரலால் தட்டித் தட்டி அடிப்பார். பழைய கீபோர்டில் இடைவெளி விசை உடைந்துபோனபோது, எங்கள் அலுவலக ஸ்டோரில் கழித்துப் போட்டிருந்த ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டுபோய் மாட்டினேன். சில வாரங்கள் கழித்து, வேலை நேரத்தில் ஆன்டி கூப்பிட்டார்.

"ம்மா, பிஸியா? இந்தக் கம்ப்யூட்டர்ல ஒன்னு அடிச்சா இன்னொன்னு வருது லா. நம்பர் அடிச்சா ஆச்சரியக்குறி வருது. ஒரு வரியத் தொட்டா மேல உள்ளது எல்லாம் நீலமாயிடுது."

"கேப்ஸ் லாக் போட்டிருப்பீங்க ஆன்டி."

"அந்த லைட்டு எரியலையே."

"ரீஸ்டார்ட் பண்ணுங்க."

"பண்ணேன். கொஞ்ச நேரம் நல்லா இருந்துச்சு, மறுபடி வந்துருச்சு. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதும்மா, ஆனா பட்டன் தெரியும். இதுல ஏதோ ஒரு பட்டன் ஒழுங்கா மேல வரலன்னு தோணுது."

"பழைய கம்ப்யூட்டர் அப்படித்தான் ஆன்டி. ரொம்ப ஸ்லோ. மெதுவா அடிங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அலுவலகத்தில் முன்பின் தெரியாத ஒருவர் இதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தால், எந்த விசை, எப்போது, கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள் என்று வரிசையாகக் கேட்டிருப்பேன். அதற்குத்தான் சம்பளம்.

அம்மாவின் திதிக்கு இரண்டு வாரம் இருந்தபோது மறுபடியும் அவர் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "ம்மா, அக்கா படமெல்லாம் எங்கயோ போயிருச்சு. கம்ப்யூட்டர் ஒளிச்சு வச்சிருச்சோ என்னமோ. நீ வந்து பாக்கிறியா?" என் அம்மாவை அவர் அக்கா என்றுதான் சொல்வார்.

சனிக்கிழமை காலையில் கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். அப்பாவும் ஆன்டியும் எனக்குப் பின்னால் நின்றார்கள். ஃபோல்டரைத் திறந்தேன். கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது. கடைசியில் நாலு படங்கள் மட்டும் இருந்தன. அழித்தவை போய்ச் சேரும் குப்பைத்தொட்டியைத் திறந்தேன். அதிலும் ஒன்றும் இல்லை.

எனக்குத் தெரிந்த விஷயமே என்னைக் கெடுத்தது. சாதாரணமாக ஒரு படத்தை அழித்தால் அது குப்பைத்தொட்டிக்குப் போகும்; திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு அழித்தால் நேராகப் போய்விடும். யாராவது வேண்டும் என்று செய்தால்தான் அப்படி நடக்கும். அன்று அப்படித்தான் நினைத்தேன், அப்படித்தான் சொன்னேன்.

"என்ன பண்ணீங்க ஆன்டி?"

"திதிக்கு அக்கா படம் ஒன்னு பெருசா பிரிண்ட் போடலாம்னு பாத்தேன்மா. மாலை போட்டிருக்கிற படம் பழசாயிருச்சுல்ல. ஒன்ன எடுக்கப்போயி அதே படம் ரெண்டாயிருச்சு. அந்த ரெண்டாவத அழிச்சேன். ஸ்க்ரீன் அப்படியே நின்னுருச்சு. ஏதோ கேட்டுச்சு, என்ட்டர் தட்டினேன்."

"ஒரு படத்த அழிச்சா ஒரு படம்தான் போகும். இருநூறு படம் எப்படிப் போகும்? அதுவும் தொட்டியில்கூட இல்லாம?"

"தெரியலம்மா. சத்தியமா தெரியல."

"தெரியாம இப்படிச் செய்ய முடியாது ஆன்டி. ரெண்டு கை வேணும் இதுக்கு. உங்களுக்கு எங்கம்மா இங்க இருக்கிறது பிடிக்கல. அவ்வளவுதான்."

அவர் என்னோடு வாதாடவில்லை. அப்பாவின் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

அப்பா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அவ கம்ப்யூட்டர் படிச்சவ. அவளுக்குத் தெரியும்."

ஆன்டி தலையை ஆட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனார். மதியத்துக்கு மீன் கறி வைத்து, எங்கள் இருவருக்கும் பரிமாறினார். தான் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் ஒரு பையோடு சுங்கை வேயில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். வாசல்வரைக்கும் போன அப்பா கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். இது அப்பாவே பிற்பாடு என்னிடம் சொன்னது.

கணினியை ஒரு கடையில் கொடுத்துப் பார்த்தேன். அழிந்ததில் கொஞ்சம் மீட்டுத் தந்தார்கள். பல படங்களில் பாதிதான் இருந்தது. அம்மாவின் நெற்றியும் கண்ணும் இருக்கும், அதற்குக் கீழே சாம்பல் நிறம். அந்தப் பாதிப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஆன்டிமேல் இருந்த கோபம் புதிதானது. அவர் எனக்கு இரண்டு முறை போன் செய்தார். நான் எடுக்கவில்லை. அப்பாவுக்கும் செய்தாரா என்று நான் கேட்டதில்லை.

ஏழு மாதம் போனது. அப்பா மெலிந்தார். காலையில் கடையில் ரொட்டி சானாய், மதியம் பொட்டலச் சோறு, ராத்திரி பிஸ்கட். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய கிளினிக் படிவம் ஒன்றை நிரப்புவதற்காகக் கணினியின் முன்னால் உட்கார்ந்தேன். அடையாள அட்டை எண்ணை அடித்தேன். எண்களுக்குப் பதிலாக ஆச்சரியக்குறியும் நட்சத்திரக்குறியும் வந்தன. கேப்ஸ் லாக் விளக்கைப் பார்த்தேன். எரியவில்லை.

ஆன்டி போனில் சொன்னதும் இதையேதான். கீபோர்டைத் தூக்கிச் சாய்த்துப் பார்த்தேன். இடது பக்க ஷிஃப்ட் விசை மற்ற விசைகளைவிட ஒரு நூல் கீழே இருந்தது. நகத்தால் நெம்பினேன். மெல்ல எழுந்து வந்தது. அழுத்தினேன், எழுந்தது. மறுபடி அழுத்தினேன், எழவில்லை. கரண்டிக் காம்பால் விசையைக் கழற்றினேன். அடியில் இருந்த ரப்பர் கிழிந்து, பழுப்பாக எதுவோ காய்ந்து பிசுபிசுத்தது. எங்கள் அலுவலகத்தில் யாரோ என்றைக்கோ சிந்தியது. கழித்துப் போட்டதை எடுத்துக்கொண்டு வந்து மாட்டியவள் நான்தான்.

இருந்தாலும் சோதித்துப் பார்க்காமல் நம்ப மனம் வரவில்லை. விசையைத் திரும்பப் பொருத்தினேன். வேண்டாத படங்களை ஒரு ஃபோல்டரில் நகல் எடுத்துப்போட்டு, ஷிஃப்ட் சிக்கிக்கொள்ளும்வரை அழுத்தினேன். கையை எடுத்துவிட்டு, கடைசியை ஒட்டிய ஒரே ஒரு படத்தைச் சொடுக்கினேன். திரை வெளிறி நின்றது. எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. அழிக்கும் விசையைத் தட்டினேன். நெடுநேரம் கழித்து, முதல் படத்திலிருந்து அந்தப் படம்வரை எல்லாம் நீலமாயின; அதே நொடியில் ஒரு கேள்விப் பெட்டியும் வந்து அவற்றை மூடியது. என்ட்டர் தட்டினேன். மூன்று நாலு படங்களைத் தவிர எல்லாம் போய்விட்டன. தொட்டியில் ஒன்றும் இல்லை. நான் தட்டியது ஒரு விரலால்தான்.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு முறை செய்துகாட்டச் சொன்னார். பிறகு கட்டிலில் உட்கார்ந்தார். "அவ சொன்னாம்மா" என்றார். "அன்னிக்கு ராத்திரியும் சொன்னா. பட்டன்ல ஏதோ இருக்குன்னு. நான் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன்."

அன்றே அப்பாவின் காரில் சுங்கை வேக்குப் போனோம். கீபோர்டை ஒரு பிளாஸ்டிக் பையில் எடுத்துக்கொண்டேன். ஆன்டியின் தங்கை கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். ஆன்டி வந்தார். உட்காரச் சொன்னார். மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் வாக்கியம் தேடிக்கொண்டு வந்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. "கீபோர்டுதான் ஆன்டி. என் தப்பு" என்று மட்டும் சொன்னேன். அழுகை வந்துவிட்டது.

அவர் கீபோர்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மடியில் வைத்து ஷிஃப்ட்டை நாலைந்து முறை அழுத்திப் பார்த்தார். முப்பது வருடம் இதையே செய்த விரல்கள். அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"ரப்பர் போயிருச்சு" என்றார். "அன்னிக்கே நீ இதத் தூக்கிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"ஆமா ஆன்டி."

"அழாத. நீ பெத்த தாயோட படம் போன கோவத்துல பேசுன. உன்மேல எனக்கு ஒன்னும் இல்ல." கண்ணாடியைக் கழற்றினார். அப்பாவைப் பார்த்து, தணிந்த குரலில் கேட்டார்: "அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியும், சரி. உங்களுக்கு என்னைத் தெரியாதா?"

அப்பா கைகளைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். "வீட்டுக்கு வா" என்றார்.

"எந்த வீட்டுக்கு?" என்று ஆன்டி கேட்டார். அதில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல் இருந்தது. ஆன்டி எழுந்து எங்களுக்குத் தேநீர் போடப் போனார்.

அவர் கிள்ளானுக்குத் திரும்பி வரவில்லை. அடுத்த திதிக்கு மட்டும் காலையில் வந்து, அம்மாவுக்குப் பிடிக்கும் என்று அப்பா எப்போதோ சொல்லியிருந்த பருப்புப் பாயசத்தையும் வைத்துப் படைத்தார். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வெயில் தாழ்வதற்குள் கிளம்பிவிட்டார். படுக்கையறைப் பக்கமே அவர் போகவில்லை. அலமாரியில் விட்டுப்போன அவருடைய இரண்டு சேலைகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவைச் சுங்கை வேக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். நான் உள்ளே போவதில்லை. என்னை யாரும் தடுக்கவில்லை, எனக்குத்தான் முடியவில்லை. காரிலேயே இருப்பேன். ஆன்டி அப்பாவுக்குச் சோறு போட்டு, மாத்திரை போட்டாரா என்று விசாரித்து, மூன்று மணி வாக்கில் அனுப்பிவைப்பார். எனக்கும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார். சில வாரம் மீன், சில வாரம் நெத்திலி சம்பல்.

போன வாரம் அப்பா காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் கேட்டேன்.

"இன்னிக்காவது வீட்டுக்கு வரச்சொல்லிக் கேட்டீங்களாப்பா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

அப்பா பெல்ட்டை இழுத்தார். மாட்டும் இடம் தெரியாமல் தடவினார். நான் குனிந்து மாட்டிவிட்டேன்.

"கொடியில துணி காயுது, மழை வரப்போகுதுன்னு எழுந்து போயிட்டா" என்றார்.