நாச்சிமுத்துவுக்கு வைத்த ஃபிலிம்

கல்யாணப் போட்டோ பிடிக்கிறவனுக்கு முகூர்த்த நாளில் பந்தலில் இருக்கிற அத்தனை பேரும் முதலாளி. "கொஞ்சம் நகருப்பா, மறைக்குது" என்று முதுகில் ஒரு குத்து வாங்காமல் தாலிகட்டைப் படம் எடுத்தவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள், வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறேன். இதைப் படிக்கிறவர்களில் கேமராவுக்குப் பின்னால் நின்றவர்கள் சிலர்தான் இருப்பீர்கள். முன்னால் நின்று, வெளிச்சம் அடித்த நேரம் பார்த்துக் கண்ணை மூடி, அந்த ஆல்பத்தைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் பீரோவில் ஒளித்து வைத்திருப்பவர்கள்தான் அதிகம். இரண்டு கட்சியும் என் சொந்தக்காரர்கள்தான். பட்ட பாடு ஒன்றுதானே.

எழுபதுகளின் கடைசியில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மிளகாய் மண்டிக்கு மேல்மாடியில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் முதலில் தும்மி முடிக்க வேண்டும், பிறகுதான் பவுடர். இப்போது கல்யாணம் நிச்சயமானவர்கள் ஜோடியாக வந்து, "எப்படித் திட்டம் போட்டா படமெல்லாம் நல்லா வரும்?" என்று யோசனை கேட்கிறார்கள். திட்டம் போட்டுப் போன ஒரு கல்யாணத்தின் கதையைத்தான் அவர்களுக்குச் சொல்கிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை

பெண்ணைப் பெற்றவர்கள் படத்துக்குப் பேச வந்தால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். சம்பந்தி வீட்டாரை எத்தனை எடுப்பீர்கள், எங்களை எத்தனை எடுப்பீர்கள், பெண் கொஞ்சம் நிறம் கம்மி, படத்தில் தூக்கிக் காட்ட முடியுமா என்றெல்லாம். நாச்சிமுத்து அப்படி எதுவும் கேட்கவில்லை. நாமக்கல்லுக்குப் பக்கத்து ஊர்க்காரர். சொந்த லாரி, அதற்கு டிரைவரும் அவரே. காக்கிச் சட்டையோடு மாடியேறி வந்து, முறைப்படி தும்மிவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"எம்பொண்ணு பூங்கொடிக்குக் காது குத்துனப்ப நா நாக்பூர்ல கெடந்தேனுங்க. பெரிய மனுசி ஆனப்ப கல்கத்தாவுல. நானும் அவளும் ஒண்ணா நிக்கறாப்பல ஊட்டுல ஒரு படம் கெடையாதுங்க" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் இன்னும் ஒரு லோடுதான், இறக்கிவிட்டு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுவதாகச் சொன்னார். படியிறங்கப் போனவர் திரும்பி நின்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "மத்தவிய படமெல்லாம் எப்படி வேணாப் போகட்டும் சாமி. எம்பொண்ணுகூட நா நிக்கறது மட்டும் உளுந்தாப் போதுமுங்க."

நெருங்கி உட்காராத ஜோடி

கல்யாணத்தன்று விடிவதற்குள் போய் இறங்கினால் பெண் வீட்டில் எல்லோர் முகமும் வாடிக் கிடக்கிறது. நாச்சிமுத்து வந்து சேரவில்லை. வழியில் ஆற்றுப் பாலம் தண்ணீரில் முழுகிவிட்டது, வண்டி அக்கரையில் நிற்கிறது என்று லாரி ஆபீசுக்கு டிரங்க்கால் வந்ததாம். அவர் வரட்டும், அதுவரை மற்ற படங்களை முடிப்போம் என்று மாப்பிள்ளை வீட்டாரை இறக்கியிருந்த வீட்டுக்குப் போனேன்.

அங்கே மாப்பிள்ளை பழனிச்சாமி மனையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பட்டுப்புடவை, நகை, தலை நிறையப் பூவோடு ஒரு பெண். எங்கள் சேலத்துத் தெருவில் மாப்பிள்ளை பக்கத்தில் அந்தக் கோலத்தில் உட்கார்ந்தால் அவள் மணப்பெண். நான் பூங்கொடியை அதுவரை பார்த்ததில்லை. உற்சாகமாக ஆரம்பித்துவிட்டேன். "மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் நெருங்கி. பொண்ணு, தலையை லேசாகச் சாய்த்து. மாப்பிள்ளை, பொண்ணைப் பாருங்கள், விட்டத்தைப் பார்க்காதீர்கள்." அவன் என்ன சொல்லியும் விட்டத்தைத்தான் பார்த்தான். வெட்கம் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஃபிலிமை நகர்த்துகிற கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ஒரு ரோல் முழுவதையும் தீர்த்துவிட்டேன். சுற்றியிருந்தவர்கள் வாயில் துண்டை வைத்துக்கொண்டு குலுங்கியதை முகூர்த்தக் குதூகலம் என்று எடுத்துக்கொண்டேன்.

அது இணைச்சீராம். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் ஜோடித்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து பெறுகிற சீர். கொங்குப் பக்கத்தில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ரோலைக் கழற்றும்போது அந்த அக்கா, பாப்பாத்தி என்று பெயர், மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "ஏனுங்க போட்டாக்காரரே, எனக்கு ரெண்டு பசங்க இருக்கறாங்க. இவன் எங்கூடப் பொறந்தவனுங்க. பொண்ணு அந்த ஊட்டுல உக்காந்திருக்குதுங்க."

சுற்றாத கைப்பிடி

ஃபிலிம் அப்போது கடைக்குப் போனால் கிடைக்கிற சாமான் இல்லை. சேலத்திலேயே சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டும். மிச்சமிருந்ததில் தாலிகட்டு, சடங்கு, சம்பந்திகள் எல்லாம் எடுத்தாக வேண்டும், நாச்சிமுத்துவுக்கும் வைத்தாக வேண்டும். இந்த மாதிரி நேரத்துக்கு எங்கள் தொழிலில் ஒரு வித்தை உண்டு. ஃப்ளாஷின் முதுகில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் வெளிச்சம் மட்டும் வரும், படம் விழாது. வெளிச்சம் பட்டால் மனிதர் குளிர்ந்துவிடுவார். கேமராவுக்கு முன்னால் நின்ற கட்சிக்காரர்கள் மன்னிக்க வேண்டும். உங்கள் கல்யாண ஆல்பத்தில் உங்கள் மாமா மட்டும் இல்லாமல் போனதற்குக் காரணம் மாமா இல்லை.

மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர், தலைப்பாகைக்காரர். எழுந்தால் ஒரு படம், உட்கார்ந்தால் ஒரு படம், சாப்பிட்டு ஏப்பம் விட்டால் ஒரு படம் வேண்டும் அவருக்கு. தாராளமாக வெளிச்சம் அடித்துக்கொண்டே இருந்தேன். கை கழுவப் போன இடத்தில் பாப்பாத்தி வந்து பக்கத்தில் நின்றார்.

"எங்களை எடுத்தப்ப ஒவ்வொரு வாட்டியும் அந்தக் கைப்புடியச் சுத்துனீங்களே. பெரியப்பனுக்கு மட்டும் சுத்தவே இல்லீங்களே?" என்றார். வசமாக மாட்டிக்கொண்டேன். நாச்சிமுத்து கேட்டதைச் சொல்லி, அவருக்காகத்தான் மிச்சம் பிடிக்கிறேன் என்றேன். பந்தல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "அப்படியா சங்கதி. நீங்க வெறும் வெளிச்சமே அடிங்க. எங்காளுகள நா பாத்துக்கறேன்."

சிரிக்காத பெண்

முகூர்த்தம் யாருக்காகவும் காத்திருக்காது. அப்பா இடத்தில் சித்தப்பா நின்று தாரை வார்த்தார். பழனிச்சாமி தாலி கட்டினான். இளம்பிள்ளைப் பட்டில் பூங்கொடி அழகாகத்தான் இருந்தாள், முகத்தில்தான் உயிர் இல்லை. தெருவில் எந்த வண்டி போனாலும் கழுத்து அந்தப் பக்கம் திரும்பிவிடும். எனக்கு எரிச்சல் வந்ததை மறைப்பானேன். தொழில் புத்தி அப்படி. "சிரிம்மா, நாளைக்கு உன் பிள்ளைகள் பார்க்கிற படம்" என்று கெஞ்சினேன், மிரட்டினேன், குரங்கு சேட்டைகூடச் செய்தேன். மாப்பிள்ளை சிரித்தான். அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எங்கப்பன் வந்து சேரலைங்க. நா சிரிச்சுட்டு இருந்தாப்பல படம் இருந்தா, நாளைக்கு அதப் பாத்து அவருக்குத்தானுங்க மனசு சங்கட்டமா இருக்கும்."

அதற்குப் பிறகு நான் யாரையும் சிரிக்கச் சொல்லவில்லை.

கார் கிளம்புகிற நேரம்

ராகு காலத்துக்கு முன்னால் பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்தினார்கள். கார் வாசலுக்கு வந்துவிட்டது. என் கேமராவில் ஒரே ஒரு படம் மிச்சம். பெரியப்பா கார் கதவில் கை ஊன்றி நின்றுகொண்டு, எல்லோரையும் சேர்த்து ஒன்று எடு என்று பிடிவாதம் பிடித்தார். பாப்பாத்திதான், "உங்களத்தான் காத்தால இருந்து எடுத்துட்டே இருக்கறாரே பெரியப்பா, எம்புட்டு வெளிச்சம்!" என்று இடுக்கில் புகுந்து சமாளித்தார். பிறகு திடீரென்று பெண்ணின் தலையில் பூ கலைந்துவிட்டது என்றார். அப்புறம் தன் செருப்பைக் காணவில்லை என்றார். நானே பார்த்தேன், செருப்பு அவர் காலில்தான் இருந்தது. ஆனால் எத்தனை நேரம்தான் செருப்புத் தேட முடியும்? பூங்கொடி காருக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். இனி அவ்வளவுதான் என்று நானும் கேமராவை மூடப்போனேன்.

அப்போது தெருமுனையில் லாரி ஹார்ன் கேட்டது. தார்ப்பாய் கட்டிய லோடோடு அப்படியே வந்து நின்றது வண்டி. நாச்சிமுத்து குதித்து இறங்கினார். பல நாள் தாடி, கண்ணெல்லாம் சிவப்பு, காக்கிச் சட்டையில் கிரீஸ். வாசலை நெருங்கியவர் பட்டுப்புடவைகளைப் பார்த்ததும் கூசிப்போய் நின்றுவிட்டார். "இந்தக் கோலத்துல எப்படீங்க நிக்கறது? தொட்டி கிட்டப் போயி மேலுக்குத் தண்ணி ஊத்திட்டு வாரேன்" என்று நழுவப் பார்த்தார். அதற்குள் பூங்கொடி ஓடி வந்து அவர் மேல் விழுந்தாள். "பட்டு, பட்டு!" என்று நாலு பேர் கத்தினார்கள். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. கிரீஸ் பட்ட தோளில் முகத்தை அழுத்திக்கொண்டு விசும்பினாள். அவர் இரண்டு கையையும் பட்டில் படாமல் அந்தரத்தில் தூக்கி வைத்திருந்தார். பிறகு மெள்ள அவள் முதுகில் வைத்தார்.

கேமராவில் குனிந்து பார்த்தால் எனக்குத் தெரிவது பெண்ணின் கொண்டை, முதுகு, பூச்சரம், அவ்வளவுதான். இருப்பது ஒரே படம். அதில் மணப்பெண்ணின் முகம் இல்லையென்றால் அது என்ன கல்யாணப் படம்? என் கண்ணும் கலங்கிப்போய்த்தான் இருந்தது, இருந்தாலும் பழக்கம் விடவில்லை. "பூங்கொடி, இந்தப் பக்கம் திரும்பும்மா, முகம் தெரியவில்லை" என்றேன். அவள் தலைக்கு மேலாக நாச்சிமுத்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "திருப்பாதீங்க சாமி. மொகத்தத் திருப்புனான்னா கார்ல ஏறிப் போயிருவா. அப்படியே எடுங்க."

எடுத்தேன்.

கல்யாணப் படத்துக்கு யோசனை கேட்டு வருகிற ஜோடிகளுக்கு முகம் தெரிய நில்லுங்கள், கண்ணை மூடாதீர்கள் என்று இன்றும் நான் சளைக்காமல் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் இத்தனை வருடத்தில் நான் எடுத்த படங்களிலேயே அதிக ஊர் பார்த்தது, நாச்சிமுத்துவின் லாரி கேபினில் சாமி படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்த, மணப்பெண்ணின் முகமே விழாத அந்த ஒன்றுதான்.